நஞ்சு என்று எழுதினேன்

கடைசியாக ஒரு சாதாரண நாளில் ஆவுடைத்தங்கம் என்னிடம் கேட்டது என் செருப்பை.

வெள்ளிக்கிழமை காலை. பகல் டூட்டிக்குக் கிளம்பி, வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு தன் செருப்புக்குள் காலை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. இரண்டு பாதமும் வீங்கியிருந்தன. ஏழாம் மாதம்.

“ஏங்க, ஒங்க செருப்பக் கழத்துங்க. நான் போட்டுட்டுப் போறேன்.”

“அப்ப எனக்கு?”

“நீங்க வீட்டுல இருந்து எழுதுத ஆளுதான? வெறுங்காலோட எழுதினா எழுத்து வராதாக்கும்?”

“பிரஷர் பாத்தியா?”

“செவ்வாக்கிழம பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. கால் வீங்காத பிள்ளத்தாச்சிய நான் பாத்ததே இல்ல. போவட்டுமா?”

என் செருப்பு அவளுக்குப் பெரிது. தெருமுனை வரை தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அங்கே பால்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பதினோரு மணிக்கு, இன்னொருத்தியின் பிரசவத்துக்குக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது, பிரசவ வார்டின் தரையில் வலிப்பு வந்து விழுந்தாள்.

நாலு வருஷமாக என்னிடம் ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் ‘விதி’ என்கிறார்கள். சரிதான். ஆனால் இந்த விதிக்கு எண் உண்டு, உட்பிரிவு உண்டு, அலுவலக முகவரியும் தொலைபேசியும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதல் வேண்டாம்.

என் பெயர் குற்றாலிங்கம். தமிழ் எம்.ஏ. படித்தவன். எங்கள் ஊர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அப்படி ஒரு வேலை உண்டானதே தராசு வந்த பிறகுதான்.

ஆராய்ச்சிப் பங்கீட்டு வாரியம் தன் கணினிக்கு வைத்த பெயர் நிறைகோல். சனங்கள் தராசு என்றார்கள். மருத்துவத்தில் அடிப்படை ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் யாருக்கு என்பதை அதற்கு முன் குழுக்கள் முடிவுசெய்தன. குழுக்களில் மாமன் மச்சான் இருந்தார்கள். தராசுக்கு மாமன் மச்சான் கிடையாது. மாநிலத்திலுள்ள அத்தனை பேரின் வயதும் நோயும் மருந்துச்சீட்டும் அதற்குள் இருந்தன. ஒரு விண்ணப்பம் வந்தால், அத்தனை பேரையும் இருபத்தைந்து ஆண்டு முன்னே ஓட்டிப் பார்க்கும். ஒரு முறை அந்த ஆராய்ச்சியோடு, ஒரு முறை அது இல்லாமல். இரண்டு ஓட்டத்துக்கும் நடுவே எத்தனை சாவு குறைகிறதோ அதுதான் அந்த ஆராய்ச்சியின் எடை. எடை ஒரு கோட்டுக்கு மேலே இருந்தால் அரசு செலவழிக்கும். கீழே இருந்தால் ‘திறந்த பட்டியல்’ என்ற ஒன்றில் விழும். அங்கிருந்து மருந்துக் கம்பெனிகள் பொறுக்கிக்கொள்ளலாம்.

தராசு வந்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அதை மறைக்கவில்லை.

விண்ணப்பங்கள் தமிழில் இருக்க வேண்டும், பிளஸ் டூ படித்தவருக்குப் புரியவேண்டும் என்பது அதன் இன்னொரு நிபந்தனை. என் மேசைக்கு வந்த முதல் விண்ணப்பம் டாக்டர் ஹெப்சிபாவுடையது. ஐம்பதை நெருங்கியவர். ஆண் பெண் பார்க்காமல் எல்லாரையும் ‘வே’ போட்டுத்தான் கூப்பிடுவார், நிலையத்தின் இயக்குநர் உட்பட.

“நல்லாக் கேட்டுக்கிடும் வே,” என்றார். “பிள்ளைங்கிறது பாதி அப்பன். தாய் ஒடம்புக்கு அது வேத்தாளு. வேற ஒருத்தர் கிட்னிய வச்சா ஒடம்பு தள்ளிருது. இத மட்டும் பத்து மாசம் உள்ள வச்சுச் சோறு போடுது. எப்படி? ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு உறுப்பு இருந்து சமாதானம் பேசுது. பிள்ள பொறந்த பிறகு பின்னாலயே வந்து விழும்லா, அது. அத நாம குழியத் தோண்டிப் பொதைச்சிருதோம். என்ன பேசுச்சுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது.”

“தெரிஞ்சா என்ன பயன் மேடம்? பயன் எழுதச் சொல்றாங்க.”

“சில பேருக்கு அந்தச் சமாதானம் பாதியில முறிஞ்சிருது. அப்பதான் பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, தாயும் பிள்ளையும் போயிருதாவ. ஏன் முறியுதுன்னு தெரியணும்னா, மொதல்ல மத்தவங்களுக்கு ஏன் முறியலைன்னு தெரியணும்லா? இதுதான் பயன். எழுதும்.”

அந்த உறுப்புக்குப் பாடநூலில் ‘தாய்சேய் இணைப்புத்திசு’ என்று இருந்தது. ஹெப்சிபா அதைப் படித்துவிட்டு, “இது பேரா, கண்டக்டர் குடுக்குற டிக்கெட்டா? போயி பிரசவ வார்டுல கேளும்,” என்றார்.

பெரிய ஆஸ்பத்திரி எங்கள் நிலையத்துக்கு அடுத்த வளாகம். பிரசவ வார்டு வாசலில் ஒரு செவிலியர் என்னை நிறுத்தினார்.

“என்ன சார் வேணும்? ஆம்பிளைங்க வெளிய நிக்கணும்.”

“ஒரு சொல் வேணும் சிஸ்டர்.”

“சொல்லா? இங்க பிள்ளதான் குடுப்போம்.”

விஷயத்தைச் சொன்னேன். பாடநூல் சொல்லையும் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“வலியில கெடக்கவகிட்ட இதச் சொன்னா, என்னமோ ஏதோன்னு பயந்துருவா. நாங்க ‘நஞ்சு விழுந்துட்டா’ன்னு கேப்போம். ‘விழுந்துட்டு’ன்னு ஒரு சத்தம் வரும். அப்பதான் வெளிய நிக்கவங்களுக்கு மூச்சே வரும். அம்புட்டுதான் சார். நஞ்சு.”

அவர்தான் தங்கம் சிஸ்டர். அடுத்த ஆண்டு எனக்கு ஆவுடைத்தங்கம்.

அந்தச் சொல் எனக்குப் பிடித்துவிட்டது. விஷத்துக்கும் அதுவே பெயர், தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைக்கும் உறுப்புக்கும் அதுவே பெயர். நூறு தலைமுறைப் பெண்களின் வாயில் புழங்கிய சொல், கோப்புக்குள் நுழையட்டும் என்று நினைத்தேன். விண்ணப்பத்தின் தலைப்பை இப்படி எழுதினேன்: ‘தாயின் உடல் நஞ்சை ஏன் ஏற்றுக்கொள்கிறது?’ உள்ளேயும் முழுக்க நஞ்சு என்றே எழுதினேன். ஓர் இடத்தில்கூட விளக்கம் தரவில்லை. தமிழ் படிக்கிற யாருக்குத்தான் அது தெரியாது?

அனுமதி வந்தது. எடை, ஹெப்சிபா எதிர்பார்த்ததைப்போலப் பல மடங்கு. ஆணையை எனக்கு முன்னால் வைத்து ஒரு வரியை விரலால் தட்டினார். ‘வகை: நச்சு முறிவு’ என்று இருந்தது.

“வே, தராசு நம்மளப் பூச்சிமருந்து குடிச்சவனக் காப்பாத்துத ஆளுன்னு நெனச்சிட்டுவே!” சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

எங்கள் மாவட்டத்தில் பூச்சிமருந்து குடித்துச் சாகிறவர்கள் அதிகம். அந்தச் சாவுகளையெல்லாம் தராசு எங்கள் தட்டில் அள்ளி வைத்திருந்தது.

“திருத்தி எழுதட்டுமா மேடம்?”

“எழுதும். எழுதிட்டு ரெண்டு பேருமா மார்க்கெட்ல முருங்கக்கா விப்போம். பேசாம இரியும் வே.”

ஏழு ஆண்டுகள் பேசாமல் இருந்தோம். தங்கம் ஒவ்வொரு தாயிடமும் கேட்டு, சரி என்றவர்களின் நஞ்சிலிருந்து ஒரு துண்டெடுத்து ஐஸ் பெட்டியில் வைப்பாள். நிலையத்தின் உறைபெட்டிகள் நிரம்பின. ஏழாவது ஆண்டு ஹெப்சிபா ஒன்றைக் கண்டுபிடித்தார். சமாதானம் முறியப்போகிற நஞ்சு ஒரு புரதத் துணுக்கைத் தாயின் இரத்தத்தில் விடுகிறது. பிரஷர் ஏறுவதற்குப் பன்னிரண்டு வாரம் முன்பே. அதைச் சாதாரண இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாமா என்பதுதான் மிச்சம்.

“இன்னும் மூணு வருசம் வே. மருந்து அதுக்கப்புறம். மொதல்ல யாருக்கு வரும்னு தெரியட்டும்.”

அந்த மூன்று வருஷத்தை நாங்கள் இழந்தது இப்படி.

அதே ஆஸ்பத்திரியின் மாடியில் விஷமுறிவு வார்டு. அதன் டாக்டர் பீர் முகம்மது, ஒரு களைக்கொல்லி நுரையீரலை எப்படி அரிக்கிறது என்று ஆராய விண்ணப்பித்திருந்தார். தராசு மறுத்துவிட்டது. காரணம்: ‘இம்மாவட்டத்தில் இவ்வகை ஆராய்ச்சி ஏற்கெனவே நடைபெறுகிறது.’

அவர் அதை கேன்டீனில் எல்லாரிடமும் காட்டியிருக்கிறார். “யாரு நடத்துதான்னு மட்டும் சொல்லுங்கப்பா. அந்தப் புண்ணியவானப் போயிப் பாத்து ஒரு காப்பி வாங்கிக் குடுக்கணும்.” தங்கம் பக்கத்து மேசையில் இருந்தாள்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு போட்டுவிட்டு, அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அது அவரு பங்குங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சே வச்சிருக்கோம். ஒரு தடவ மாடிக்கு வந்து பாருங்க. அங்க கெடக்கவங்க பேரச் சொல்லி நாம வாங்கிட்டு இருக்கோம்.”

“உன் வார்டுக்காகத்தானே?”

“என் வார்டுக்குன்னா என் வார்டு பேரச் சொல்லிக் கேளுங்க. அடுத்த வார்டு பொணத்தக் காட்டிக் கேக்காதீங்க.”

நான் திருத்தம் எழுதினேன். ‘நஞ்சு: இங்கே, குழந்தைக்குப் பின் கருப்பையிலிருந்து வெளியேறும் உறுப்பு.’ ஒரே வரி. ஹெப்சிபா அதை ஒரு நாள் முழுக்க மேசையில் வைத்திருந்தார். மறுநாள் கையெழுத்துப் போட்டார்.

“உம்ம பொண்டாட்டி நல்லவ வே. நல்லவங்களால எனக்கு எப்பமும் சீரழிவுதான்.”

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. எங்கள் எடை கோட்டுக்குக் கீழே, வெகு கீழே, விழுந்துவிட்டது.

தராசின் முடிவை மாற்றும் அதிகாரம் உயிருள்ள யாருக்கும் கிடையாது. விளக்கம் மட்டும் தருவார்கள். அதற்கென்றே சென்னையில் ‘விளக்க அலுவலர்’ என்று ஒரு பதவி. நானும் ஹெப்சிபாவும் போனோம். தாரகேஷ் என்ற இளைஞர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

“உங்க ஆராய்ச்சி மோசம்னு நிறைகோல் சொல்லல மேடம்,” என்றார். “உங்க மாவட்டத்துல பேறுகால மரணம் வருஷத்துக்கு அஞ்சைத் தாண்டினதே இல்ல. பத்து வருஷமா. அவ்வளவு நல்ல நர்சுங்க இருக்காங்க. மத்த மாவட்டங்களும் கிட்டத்தட்ட இப்படித்தான். சாவே இல்லாத இடத்துல சாவை எப்படிக் குறைக்க முடியும்? சந்தோஷமான விஷயம்தானே?”

“எப்படிக் குறைஞ்சுதுன்னு ஒங்க தராசு பாத்துதா?” ஹெப்சிபாவின் குரல் ஏறியது. “பிரஷர் ஏறினதும் ஏழாம் மாசமே வயித்தக் கீறிப் பிள்ளைய எடுத்துருதாவ. அதனால தாய் பிழைக்கா. பிள்ள ஒரு கிலோவுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடக்கு. இது வைத்தியம் இல்லய்யா. தீப்பிடிச்ச வீட்டுல இருந்து ஓடுத மாதிரி.”

“புரியுது மேடம். ஆனா அது மரணம் இல்லையே. எடையில வராது.”

“அப்ப எங்க பிள்ளத்தாச்சிங்க செத்தாத்தான் ஒங்களுக்குக் கண்ணு தெரியும்?”

அவர் கோபப்படவில்லை. திரையைப் பார்த்துப் படித்தார். “ஒரு வருஷத்துல அஞ்சைத் தாண்டிடுச்சுன்னா நிறைகோல் தானாவே மறுபடி எடை போடும் மேடம். நீங்க கேக்கவே வேண்டியதில்ல.” எங்களுக்கு நம்பிக்கை தருவதாக நினைத்துத்தான் அதைச் சொன்னார்.

நான் பீர் முகம்மதுவைப் பற்றிக் கேட்டேன். நாங்கள் விலகிவிட்டோம், இனி அவருக்குக் கிடைக்கும் அல்லவா?

தாரகேஷ் தேடிப் பார்த்தார். முகம் சற்று மாறியது.

“நச்சு முறிவோட எடையும் குறைஞ்சிருக்கு சார். உங்க மாவட்டத்துல ஏழு வருஷம் அந்த வகைக்குச் செலவாகியிருக்கு. பூச்சிமருந்து குடிச்சு இறந்தவங்க எண்ணிக்கை கொஞ்சங்கூடக் குறையல. அதனால, பலன் தராத துறைன்னு கத்துக்கிட்டிருக்கு.”

“அது நாங்கள் செய்தது. விஷத்தைப் பற்றி அங்கே யாருமே ஆராயவில்லை. அதனால்தானே குறையவில்லை?”

“வகை அதுதானே சார்,” என்றார்.

வாசலுக்கு வந்ததும் ஹெப்சிபா அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். “ஒரு நேர்மையான வரி எழுதினீரு. ரெண்டு வார்டையும் மூடிட்டீரு,” என்றார். பிறகு, “நானும்தான் கையெழுத்துப் போட்டேன்,” என்று என் தோளைத் தட்டினார்.

ஊர் திரும்பியபோது தங்கம் வாசலிலேயே நின்றாள். நான் சொல்லத் தொடங்குமுன், “நான் ஒண்ணு சொல்லணும், மொதல்ல அதக் கேளுங்க,” என்றாள். ஆறு வருஷம் காத்திருந்த கர்ப்பம். அவளுக்கு அப்போது முப்பத்தேழு வயது. தாரகேஷ் சொன்னதையெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொன்னேன். ஐந்தைத் தாண்ட வேண்டும் என்றதைக் கேட்டு, “மூதி,” என்று அவனைத் திட்டினாள்.

திறந்த பட்டியலிலிருந்து எங்களை ஒரு கம்பெனி எடுத்தது. மருந்துக் கம்பெனி என்றுதான் பெயர்ப்பலகை. ஏழு ஆண்டுத் துண்டுகளையும் உறைபெட்டிகளோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். நஞ்சின் சாறு தோல் சுருக்கத்தைத் தள்ளிப்போடும் என்று அவர்களுக்கு ஒரு கணிப்பு. புத்தாக்கம் என்று அதற்கு விருதுகூட வாங்கினார்கள். இரத்தப் பரிசோதனை பற்றிய ஆய்வு அவர்களின் உடைமை ஆனது. அதை அவர்கள் தொடரவில்லை. வேறு யாரும் தொடர அனுமதியும் இல்லை. வலிப்பு வந்து சாகிறவள் பல ஆயிரத்தில் ஒருத்தி. முகத்தில் சுருக்கம் எல்லாருக்கும் விழும். அந்த முகப்பூச்சுச் சீசா எங்கள் ஊர்க் கடையிலும் கிடைக்கிறது. தன் நஞ்சைக் கொடுத்த ஏதோ ஒரு தாய் அதை வாங்கிப் பூசிக்கொண்டிருக்கக் கூடும்.

பரிசோதனை அதற்குள் முழுமையாகியிருக்காது; ஆனால் ஆய்வு நடந்துகொண்டிருந்தால் தங்கத்தின் இரத்தத்தையும் பார்த்திருப்பார்கள். பிழைத்திருப்பாளா? எனக்குத் தெரியாது. ஹெப்சிபாவிடம் கேட்டபோது அவரும் தெரியாது என்றுதான் சொன்னார். தெரிந்துகொள்ளும் வழியைத்தான் மூடினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அவளுடைய தோழிகளே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் நின்று உதவிசெய்த அதே மேசையில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண். ஒரு கிலோ நூறு கிராம். பிழைத்துக்கொண்டாள். தங்கத்தின் கல்லீரலும் சிறுநீரகமும் நின்றுவிட்டன. டயாலிசிஸ் இயந்திரம் மாடியில், பீர் முகம்மதுவின் வார்டில்தான் இருந்தது. எந்த வார்டுக்காக அவள் என்னைத் திருத்தம் எழுதச் சொன்னாளோ, அங்கேயே அவளைப் படுக்க வைத்தார்கள்.

பத்தாம் நாள் நினைவு வந்தது. அதற்குப் பிறகு தினமும் காலையில் என்னிடம் ஒரே கேள்வி.

“இன்னைக்கு எத்தனாவது நாளுங்க?”

பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாளுக்காகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பதினேழு என்பேன், இருபத்தொன்பது என்பேன். தலையை ஆட்டுவாள்.

பீர் முகம்மது அவளை விடவில்லை. அதை நான் எழுதியாக வேண்டும். தொற்று வந்தது, சமாளித்தார். இரத்தம் உறைய மறுத்தது, எங்கிருந்தோ இரத்தம் வரவழைத்தார். “சிஸ்டர், நீங்க போயிட்டா எனக்குக் கீழ் வார்டுல யாரு டீ தருவா?” என்று தினமும் கேட்பார். “டீ குடிக்கவா டாக்டருக்குப் படிச்சீங்க?” என்பாள், காற்றுக் குரலில்.

நாற்பத்திரண்டாம் நாள் மத்தியானம் பிரசவ வார்டுச் செவிலியர்கள் நாலு பேர் சிரித்துக்கொண்டே மாடி ஏறி வந்தார்கள். கையில் அல்வாப் பொட்டலம். என் கையிலும் ஒரு துண்டைத் திணித்தார்கள்.

“எதுக்கு?”

“நாப்பத்திரெண்டு முடிஞ்சுதுல்லா சார்! இனி தங்கம் அக்காவுக்கு ஒண்ணும் வராது. வார்டுக்கும் வராது.”

என்ன என்று விளங்காமல் நின்றேன். மூத்த செவிலியர் விளக்கினார். பிரசவம் ஆன நாற்பத்திரண்டு நாளுக்குள் இறந்தால்தான் பேறுகால மரணம். விசாரணை வரும், சென்னையிலிருந்து ஆள் வருவார்கள், கேஸ் ஷீட்டைக் கிழித்துப் பார்ப்பார்கள். நாற்பத்திரண்டைக் கடந்துவிட்ட தாய், பட்டியலில் இல்லாத தாய். அதனால், ஆபத்தான நிலையில் இருந்து அந்த நாளைத் தொட்டவளுக்கு அல்வா வாங்குவது பிரசவ வார்டில் வழக்கமாம். தங்கமே எத்தனையோ பேருக்கு வாங்கியிருக்கிறாளாம்.

அவளால் அல்வா சாப்பிட முடியாது. நெய்யைத் தொட்டு உதட்டில் வைத்தார்கள். எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். அவர்கள் போன பிறகு என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள்.

“இந்த வருசம் இதுவரைக்கும் அஞ்சு சாவு. அந்த ஃபாரமெல்லாம் நாந்தான் எழுதினேன்.”

“எதுக்கு இப்ப அது?”

“அந்த மெட்ராஸ் பையன் அஞ்சத் தாண்டணும்னு சொன்னாம்லா? இனி நான் செத்தாலும் ஒதவ மாட்டேன்.” சிரித்தாள். “நம்ம டாக்டரம்மாட்ட சொல்லிருங்க.”

“வாய மூடு.” அவளிடம் நான் கத்தியது அந்த ஒரு முறைதான்.

நாற்பத்தைந்தாம் நாள் காலை பதினொன்றே காலுக்கு இறந்தாள். சான்றிதழில் ‘சிறுநீரகச் செயலிழப்பு’ என்று எழுதினார்கள்.

கேட்கக் கூடாத ஒன்றை அன்று பீர் முகம்மதுவிடம் கேட்டேன். “வார்டுப் பேரைக் காப்பாற்றத்தான் நாற்பத்திரண்டு வரை இழுத்துப் பிடித்தீர்களா?”

அவர் என்னை அடித்திருக்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“லிங்கம் சார், மூணு நாளா நான் வீட்டுக்கே போவல. அவங்க எழுந்து நடந்து போவாங்கன்னு நெனச்சேன். நாள எண்ணிட்டா இருந்தேன்?”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவராகவே கேட்டார். “எண்ணியிருந்தா, மூணு நாள் முன்னாடி விட்டிருக்கணும்னு சொல்லுதீங்களா?”

எந்த மனிதனிடமும் அந்தக் கேள்வி வரக்கூடாது. வருமாறு செய்தவர்கள் சென்னையில் குளிரூட்டிய அறையில் தண்ணீர் கொடுத்து உபசரிக்கிறார்கள்.

வாரியத்துக்கு மனு எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியதிலேயே தெளிவான தமிழ் அது. இருபொருள் தரும் சொல் ஒன்றும் இல்லை. என் மனைவி பிரசவத்தால் இறந்தாள். நோய் தொடங்கியது நஞ்சில். அவளைப் பேறுகால மரணமாகச் சேருங்கள். சேர்த்தால் எங்கள் மாவட்டத்தில் ஆறு ஆகும். நிறைகோல் மறுபடி எடை போடட்டும். ஹெப்சிபா மருத்துவக் குறிப்பு எழுதித் தந்தார். பீர் முகம்மது, தன் மேலதிகாரிகள் தடுத்தும், கையெழுத்திட்டார். பிரசவ வார்டுச் செவிலியர்கள் நாலு பேரும் கையெழுத்திட்டார்கள், அல்வா வாங்கி வந்த அதே நாலு பேர். விசாரணை வந்தால் வரட்டும் என்றார்கள்.

விசாரணை வரவில்லை. பதில் வந்தது. தாரகேஷ் தன் பெயரில் எழுதியிருந்தார். மறைவுக்கு வருந்துவதாகவும், என்னை நினைவிருப்பதாகவும், விதி பதினேழு உட்பிரிவு மூன்றின்படி நாற்பத்திரண்டு நாள் என்பது உலகெங்கும் உள்ள வரையறை என்பதால் அதை நிறைகோல் தனித்து மாற்ற இயலாது என்றும், மனுவின் தமிழ் மிகத் தெளிவாக இருந்தது என்றும்.

பாராட்டுக்கு நான் நன்றி எழுதவில்லை. ஆண்டுதோறும் அதே மனுவைத் தேதி மட்டும் மாற்றி அனுப்புகிறேன். நான்கு முறை அனுப்பிவிட்டேன். நான்கு முறையும் பதில் வந்தது. பின்னிரண்டு பதில்களில் கையெழுத்து வேறு ஒருவருடையது. தாரகேஷுக்குப் பதவி உயர்வாம்.

அந்த ஆண்டுக்கான பட்டியல் வாரியத்தின் தளத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எங்கள் மாவட்டத்தின் பெயருக்கு நேரே, பேறுகால மரணம்: ஐந்து.